பென்ஷன் வரும் வாரம், மருந்து தீரும் வாரம்: தென்னாப்பிரிக்காவில் முதுமையும் மருத்துவமும் – கேள்வி பதில்

டர்பனில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் கூடத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பிரஷரும் சுகரும் பார்த்துச் சொல்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நம் வீடுகளில் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருக்கிறார்கள். உங்களுக்குப் படிக்கத் தெரிந்தால் ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

வயதானால் எல்லோருக்கும் நோய் வரத்தானே செய்யும்? பணக்காரருக்கும் சுகர் வருகிறது. இதில் வருமானத்துக்கு என்ன வேலை, சிஸ்டர்?

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே தெருவில் இருப்பவர்கள், இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது, இருவருக்கும் சர்க்கரை நோய். ஒருவர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அரசு ஊழியர் ஓய்வூதியம் வருகிறது, அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான ஜெம்ஸில் உறுப்பினராக இருக்கிறார். மற்றவர் டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் சட்டை தைத்தவர். 1990-களில் இறக்குமதி வரியைக் குறைத்த பிறகு வெளிநாட்டுத் துணி குவிந்ததில் இங்கே எத்தனையோ தையல் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அவருடையதும் அப்படித்தான் போனது. கையில் கொடுத்த சேமநிதி கூரை மாற்றவும் மகள் திருமணத்துக்கும் சரியாகிவிட்டது.

இருவருக்கும் ஒரே குளிர்காலத்தில் காலில் புண் வந்தது. ஆசிரியை மறுநாள் காலையில் தன் டாக்டரிடம் போனார், பத்து நாளில் ஆறிவிட்டது. தையல்காரர் மஞ்சள் வைத்துக் கட்டினார். டாக்சிக்குக் கொடுக்கப் பென்ஷன் வரட்டும் என்று ஒன்பது நாள் காத்திருந்தார். அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

நோய் ஒன்றுதான். அந்த ஒன்பது நாள்தான் இருவரையும் பிரித்தது. வருமானம் உடலுக்குள் நுழையும் வழிகளில் இது ஒன்று. இன்னும் பல உண்டு: எதைச் சாப்பிடுகிறோம், எத்தனை படி ஏறுகிறோம், எந்தக் காற்றைச் சுவாசிக்கிறோம் என்பதெல்லாம் கையிலிருக்கும் காசைப் பொறுத்ததுதான். மியர்பேங்க்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் வாழ்ந்தவர்களைக் கேட்டால் இருமலைப் பற்றிச் சொல்வார்கள். பேவியூவிலும் வெஸ்ட்கிளிஃப்பிலும் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் மேல்மாடியில் இருக்கும் ஆயா, முழங்கால் போன பிறகு கிளினிக்குக்கு மட்டும் அல்ல, கோயிலுக்கே வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுபது வயது உடம்பு எழுபதில் உண்டானதல்ல. சாட்ஸ்வொர்த்துக்கு நாமாக விரும்பி வந்து குடியேறவில்லை. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்க வேண்டும் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பன் நகருக்குள் இருந்த மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து 1960-களில் நம் பெற்றோரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்று குழந்தையாக லாரியில் வந்து இறங்கியவர்கள்தான் இன்று என் மேசைக்கு வருகிறார்கள். அன்று கிடைத்த படிப்பு, அதனால் கிடைத்த வேலை, அந்த வேலை தந்த ஓய்வூதியம் எல்லாம் சேர்ந்துதான் இன்று அவர்கள் கையைப் பிடித்துப் பிரஷர் பார்க்கும்போது தெரிகிறது.

முதியோர் பென்ஷன் எவ்வளவு? யாருக்குக் கிடைக்கும்?

நாம் பென்ஷன் என்று சொல்வது சாசா என்ற அரசு நிறுவனம் தரும் முதியோர் உதவித்தொகை. ஆணானாலும் பெண்ணானாலும் 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்பு ஆண்களுக்கு 65 என்றிருந்தது. 2008 முதல் படிப்படியாகக் குறைத்து 2010-இல் 60 ஆக்கினார்கள். வருமானத்துக்கும் சொத்துக்கும் வரம்பு உண்டு. ஆனால் நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. "வீடு என் பெயரில் இருக்கிறது, எனக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். போய்க் கேளுங்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள்.

தொகை 2024 ஏப்ரலில் 2,180 ராண்டாக இருந்தது, அக்டோபரில் 2,190 ஆனது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 20 ராண்ட் கூடுதல். ஏப்ரல் தோறும் மாறும் என்பதால் நடப்புத் தொகையைச் சாசா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பென்ஷனை யாரோ போடும் பிச்சை போல நினைத்து வாங்கக் கூசுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காக இதன் வரலாறு. 1928-இல் சட்டம் வந்தபோது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும் கொடுத்தார்கள். இந்தியரும் ஆப்பிரிக்கரும் 1944-இல்தான் சேர்க்கப்பட்டார்கள், அதுவும் குறைந்த தொகைக்கு. எல்லா இனத்தவருக்கும் சமமான தொகை என்று ஆனது 1993-இல். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்குக் கப்பலில் வந்தார்கள். அவர்கள் கரும்பு வெட்டி வளர்த்த நாட்டில், அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சமமான பென்ஷன் கிடைக்க அவ்வளவு காலம் பிடித்தது. தலை நிமிர்ந்து வாங்குங்கள்.

அந்தப் பணத்தால் உடல்நலம் உண்மையில் மாறுகிறதா? அரிசி, மின்சாரம் என்று செலவாகிவிடுகிறதே?

மாறுகிறது என்பதற்கு இந்த நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. ஆன் கேஸ் என்ற பொருளாதார அறிஞர் மேற்கு கேப் மாகாணத்தில் லாங்கபெர்க் பகுதியில் வீடுவீடாக ஆராய்ந்தார். பென்ஷன் பணத்தை வீட்டின் பொதுப் பையில் போடும் குடும்பங்களில் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய உடல்நலமும் மேம்பட்டிருந்தது. பொதுப் பையில் போடாத வீடுகளில் பென்ஷன்காரருடைய உடல்நலம் மட்டும் மேம்பட்டிருந்தது. நல்ல சாப்பாடு, கழிப்பறை வசதி, மனச்சுமை குறைதல் ஆகியவை அவர் கண்ட காரணங்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ, தென்னாப்பிரிக்காவில் பாட்டிமார் கைக்கு வரும் பென்ஷன் பேத்திகளின் எடையையும் உயரத்தையும் கூட்டுவதைக் காட்டினார். தாத்தாமார் வாங்கும் பென்ஷனுக்கு அந்தப் பலன் தென்படவில்லை. இதைக் கூடத்தில் சொன்னபோது ஆயாமார் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆக, பென்ஷனும் ஒரு மருந்துதான். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை ஐந்து பேர் பங்கிட்டுக் குடிப்பதுதான் சிக்கல். வேலையில்லாத மகன், பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள், கணவனை விட்டு வந்த மகள் என்று எல்லோரும் அந்த ஒரு கார்டை நம்பி இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம்.

என் நோட்டுப் புத்தகத்தில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். நான் உட்காரும் இரண்டு சனிக்கிழமைகளில் ஒன்று மாதத் தொடக்கத்தில் வரும். மற்றொன்று மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. பென்ஷன் மாதத்தின் முதல் வாரத்திலேயே வந்துவிடும். முதல் சனிக்கிழமை வருகிறவர்களிடம் "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றால் முட்டை, டின் மீன் குழம்பு, பருப்பு, கீரை என்று பதில் வரும். இரண்டாவது சனிக்கிழமை அதே ஆள்களிடம் அதே கேள்வியைக் கேட்டால் ரொட்டியும் தேநீரும், சோளமாக் கஞ்சி, உருளைக்கிழங்கு. சிலர் "பசிக்கவில்லை" என்பார்கள். பசிக்கவில்லை என்றால் வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் இருந்தது என்று பொருள்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. சுகர் மாத்திரைகளில் சில வகைகளும் இன்சுலினும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுகரை இறக்கிக்கொண்டே போகும். வெறும் வயிற்றில் போட்டால் சுகர் அதலபாதாளத்துக்குப் போய் மயக்கம் வரும். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வருமானம் குறைந்தவர்கள் சுகர் தாழ்ந்து மருத்துவமனையில் சேர்வது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகமாக இருந்தது. வசதியுள்ளவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. அதைப் படித்தபோது என் நோட்டுப் புத்தகத்தை வேறொரு நாட்டில் யாரோ எழுதியது போலிருந்தது.

மாதக் கடைசியில் சாப்பாடு குறைகிறது என்றால் வெட்கப்படாமல் கிளினிக் நர்ஸிடம் சொல்லுங்கள். எந்த மாத்திரையைச் சாப்பாடு இல்லாத வேளையில் விட வேண்டும், எதை விடக் கூடாது என்று அவர் குறித்துக் கொடுப்பார். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டால் இரண்டு மாதத்துக்கு வருமே?

ஓர் ஆயா பழைய விக்ஸ் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பிரஷர் மாத்திரைகள், கத்தியால் வெட்டிய பாதிகள், ஓரம் உதிர்ந்த துண்டுகள், அடியில் வெள்ளைப் பொடி. கிளினிக் வரிசையில் நிற்க முடியாததால், அடுத்த முறை போவதைத் தள்ளிப்போட இப்படிச் செய்திருந்தார். அவருடைய பிரஷர் அன்று மேலே 190-ஐத் தாண்டியிருந்தது.

பாதி மாத்திரை பாதி நோயைக்கூடக் கட்டுப்படுத்தாது. சில மாத்திரைகள் வயிற்றில் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. உடைத்தால் ஒரேயடியாக இறங்கிப் பிரஷரைச் சட்டென்று தாழ்த்தும், பிறகு ஒன்றுமே இருக்காது. உடைக்காதீர்கள். வரிசைதான் தொல்லை என்றால் அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கிளினிக் இலவசம்தானே? பிறகு எதற்குத் தயக்கம்?

1996 முதல் அரசு கிளினிக்குகளில் அடிப்படை மருத்துவம் எல்லோருக்கும் இலவசம். அரசு மருத்துவமனையில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. ஆனால் சாசா பென்ஷன் வாங்குகிறவர்கள் கட்ட வேண்டியதில்லை. பென்ஷன் அட்டையையும் அடையாள அட்டையையும் காட்டினால் போதும். காட்டாவிட்டால் பில் வரும். வந்து பயந்துபோய் மறுமுறை போகாமல் விட்டவர்கள் உண்டு.

உள்ளே போன பிறகு செலவில்லை என்பது சரிதான். வாசல் வரை போவதற்குத்தான் செலவு. மேட்டிலிருந்து இறங்கி, ஆளுக்கு ஒரு கட்டணம் வாங்கும் மினிபஸ் டாக்சி பிடிக்க வேண்டும். தனியாகப் போக முடியாத தாத்தாவுக்கு மகள் கூட வந்தால் இரண்டு பேருக்குப் போகவர நான்கு டாக்சிக் கட்டணம். மகள் தினக்கூலிக்கு வேலை செய்பவள் என்றால் அன்றைய கூலியும் போயிற்று. விடியுமுன் கிளம்பி இருட்டில் வாசலில் நிற்பது பாதுகாப்பும் அல்ல. கைப்பையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுக் கடைசியில் "அந்த மாத்திரை இன்று வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றால், அடுத்த வாரம் எத்தனை பேர் போவார்கள்?

வேல்ஸ் நாட்டு டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இலேயே இதை எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது. அவர் சுரங்கத் தொழிலாளிகள் வாழ்ந்த ஊரில் வைத்தியம் பார்த்தவர். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. நம் நாட்டில் ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் மெடிக்கல் எய்டு, அதாவது மாதச் சந்தா கட்டும் மருத்துவத் திட்டம், இருக்கிறது. மற்ற ஐந்து பேரும் அரசு மருத்துவமனையைத்தான் நம்பியிருக்கிறார்கள். சிறப்பு மருத்துவர்களில் பெரும்பங்கினரோ தனியார் பக்கம்.

கிளினிக் ஊழியர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நானும் அந்தப் பக்கம் நின்றவள். ஒரு நர்ஸ் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் மிகவும் முடியாதவர்களையும் வயதானவர்களையும் வரிசையில் முன்னால் விட வேண்டும் என்பது கிளினிக்குகளுக்கான அரசு நெறிமுறையிலேயே உள்ளது. நுழைந்ததும் "எனக்கு இத்தனை வயது, நிற்க முடியவில்லை" என்று பணிவாகவும் உரக்கவும் சொல்லுங்கள்.

மாதாமாதம் வரிசையில் நிற்காமல் மருந்து வாங்க வழி உண்டா?

உண்டு. 2014-இல் அரசு தொடங்கிய திட்டம். டாப்லாப் மெட்ஸ் என்று சொன்னால் கிளினிக்கில் தெரியும். பிரஷர், சுகர் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்கள், நோய் கட்டுக்குள் இருந்தால், மருந்தைப் பொட்டலமாகக் கட்டி உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக் கடைக்கோ வேறு விநியோக இடத்துக்கோ அனுப்பிவைப்பார்கள். கைபேசிக்குச் செய்தி வரும்; போய் வாங்கிக்கொள்ளலாம். டாக்டரையோ நர்ஸையோ பார்க்கக் கிளினிக்குக்கு எப்போதாவது போனால் போதும். கடை தனியாருடையதாக இருந்தாலும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

"கட்டுக்குள் இருந்தால்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால்தான் நோய் கட்டுக்குள் வரும், வந்தால்தான் வரிசையிலிருந்து விடுதலை. விக்ஸ் டப்பா ஆயாவுக்கு அதைச் சொல்லித்தான் முழு மாத்திரைக்கு மாற்றினேன். இப்போது அவர் பேத்தியின் கைபேசி எண்ணைக் கொடுத்துப் பதிந்திருக்கிறார். செய்தி வந்தால் பேத்தி "ஆயா, உன் பார்சல் வந்துவிட்டது" என்று கத்துவாளாம்.

நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு சுகர்?

2016-இல் தென்னாப்பிரிக்காவில் மரணக் காரணங்களில் காசநோய்க்கு அடுத்த இடத்தில் இருந்தது நீரிழிவு. அதில் இந்திய வம்சாவளியினரின் பங்கு அதிகம் என்பதை டர்பன் மருத்துவர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். நம் உடல்வாகு ஒரு காரணம். ஒல்லியாக இருந்தாலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். பரம்பரை இன்னொரு காரணம். பரம்பரையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது, வயிற்றை நிரப்பும் மலிவான பொருள்கள் எல்லாம் மாவும் சர்க்கரையுமாகத்தான் இருக்கின்றன. வெள்ளை ரொட்டி மலிவு. பீன்ஸும் காயும் எண்ணெயும் வாங்கிச் சமைக்க மின்சாரமும் சேர்த்து ஆகும் செலவு அதிகம்.

நான் பரிந்துரைப்பது பழைய சாப்பாடுதான். சர்க்கரை பீன்ஸ் என்ற காய்ந்த பயறை இரவே ஊறவைத்தால் மின்சாரம் மிச்சமாகும். மதும்பிக் கிழங்கை அளவாகச் சாப்பிடலாம். கொல்லையில் கீரை போடுங்கள். மாரியம்மன் கஞ்சியை ஆடி மாதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. சர்க்கரை சேர்க்காமல் காய்ச்சுங்கள்.

இன்சுலின் பேனா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஏன் பழையபடி குப்பியும் ஊசியும்?

அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனா வழங்கிவந்த வெளிநாட்டு நிறுவனம் 2024-இல் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. அதனால் பலரைக் குப்பிக்கும் ஊசிக்கும் மாற்றினார்கள். மருந்து அதே மருந்துதான். பயம் எதில் என்றால், பேனாவில் அளவைத் திருகினால் சத்தம் கேட்கும். ஊசியில் மெல்லிய கோடுகளைக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டும். கண்புரை உள்ளவருக்குப் பத்து யூனிட்டும் பன்னிரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தனியார் மருந்துக் கடையில் பேனா கிடைக்கிறது, காசிருந்தால் வாங்கலாம். அளவைச் சரியாகப் பார்ப்பதும் வருமானத்தைப் பொறுத்ததாகிவிட்டது என்பது எனக்கு நெஞ்சை உறுத்துகிறது.

வீட்டில் கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் ஒவ்வொரு முறையும் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். கண்புரை அறுவைக்குப் பெயர் பதிந்துவிட்டு வாருங்கள். வரிசை நீளம் என்பதால் இன்றே பதிய வேண்டும். மின்வெட்டு வந்தால் பதறாதீர்கள்: திறந்து பயன்படுத்தும் இன்சுலின் குப்பி வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நான்கு வாரம் கெடாமல் இருக்கும். ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனதைப் போடவே கூடாது.

எனக்கு 62 வயது. இப்போது மெடிக்கல் எய்டு எடுக்கலாமா?

எடுக்கலாம், வயதைக் காரணம் காட்டித் திறந்த திட்டங்கள், அதாவது யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய திட்டங்கள், உங்களை மறுக்க முடியாது. 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் 35 வயதுக்குப் பிறகு முதன்முறையாகச் சேர்கிறவர்களுக்குத் தாமதக் கூடுதல் கட்டணம் உண்டு. எத்தனை ஆண்டு உறுப்பினராக இல்லாமல் இருந்தீர்களோ அதற்கேற்ப 5 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை, மாதச் சந்தாவில் ஏறும். வாழ்நாள் முழுக்க அது இறங்காது. இளமையில் வேறு திட்டத்தில் இருந்திருந்தால் அந்தப் பழைய சான்றிதழைத் தேடி எடுங்கள்; அந்த ஆண்டுகளைக் கழித்துக் கணக்கிடுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால்: பென்ஷனை மட்டும் நம்பியிருக்கிறவர் இதற்குள் போக வேண்டாம். பிள்ளைகள் கட்டுவதாகச் சொன்னால், அவர்கள் பத்து ஆண்டு தொடர்ந்து கட்ட முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே திட்டத்தில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா, கண் அழுத்த நோய் உட்பட இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்களுக்கு எல்லாத் திட்டங்களும், எவ்வளவு மலிவான திட்டமானாலும், சிகிச்சைச் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல், திட்டத்தில் அன்றாடச் செலவுக்கென ஒதுக்கிய பணத்திலிருந்து மாத்திரை வாங்கி ஆகஸ்டுக்குள் தீர்த்துவிட்டு, மீதி மாதங்களுக்குச் சொந்தக் காசைப் போடுகிறவர்களை நான் பார்க்கிறேன்.

சிறுநீரகம் போனால் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கிடைக்குமா?

எல்லோருக்கும் கிடைக்காது. இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்கக் கூடாது.

டர்பனில் தியாகராஜ் சுப்பிரமணி என்றொருவர் இருந்தார். நீதிமன்றப் பதிவில் சூப்ரமனி. 41 வயது, வேலையில்லாதவர், நீரிழிவும் இதய நோயும் இருந்தன, சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. தனியாரிடம் காசு கொடுத்து டயாலிசிஸ் செய்துகொண்டார், காசு தீர்ந்தது. அடிங்டன் அரசு மருத்துவமனையில் இயந்திரங்கள் போதாததால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முன்னுரிமை என்ற விதி இருந்தது. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அரசிடம் உள்ள வசதிக்குள்தான் இந்த உரிமை என்று 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. சில நாள்களில் அவர் இறந்துபோனார்.

நீதிபதிகளின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும், காசிருந்த வரை அவர் உயிரோடிருந்தார் என்ற உண்மையை என்னால் ஒதுக்க முடியவில்லை. நம் சமூகத்தில் சுகரும் பிரஷரும்தான் சிறுநீரகத்தைத் தின்கின்றன. சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை கிளினிக்கிலேயே பார்க்கலாம். சின்னப் பாட்டிலில் சிறுநீர், அதில் நனைக்கும் ஒரு பட்டை, ஒரு நிமிடம். யாரும் சொல்லாவிட்டாலும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

தேசிய சுகாதாரக் காப்பீடு வந்துவிட்டதாமே?

எல்லோருக்கும் பொதுவான ஓர் அரசு நிதியிலிருந்து மருத்துவச் செலவைக் கொடுப்பது அதன் நோக்கம். ஜனாதிபதி ராமபோசா 2024 மே 15-இல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வழக்குகள் தொடுக்கப்பட்டன. கையெழுத்தானதும் எல்லாம் மாறிவிடும் என்று நம்பி, கையிலிருக்கும் மெடிக்கல் எய்டை நிறுத்தாதீர்கள்.

என் பென்ஷன் கார்டை மகன் வைத்திருக்கிறான். சில மாதம் மருந்துக் கடைக்குப் போகவே காசு தருவதில்லை.

இந்தக் கேள்வியை யாரும் மேசையில் கேட்பதில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகு, செருப்பு போடும் இடத்தில், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்.

பணம் உங்களுடையது. முதியோர் சட்டம், 2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண், முதியவரின் பணத்தை அபகரிப்பதையும் துன்புறுத்தலாகவே சொல்கிறது. சாசாவில் சொன்னால் கார்டை மாற்றலாம், பின் நம்பரை மாற்றலாம். நடக்க முடியாவிட்டால் நீங்கள் நம்பும் வேறொருவரைப் பெறுநராக நியமிக்கலாம். சமூக நலத்துறையின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். மகனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்க எந்தத் தாயும் விரும்ப மாட்டாள், எனக்குத் தெரியும். பெரும்பாலும் போலீஸ் வரை போக வேண்டியதும் இருக்காது. கோயில் பெரியவர் ஒருவரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் பாதி வீடுகளில் கார்டு திரும்பி வந்திருக்கிறது.

கார்டை வைத்திருப்பவர் வட்டிக்காரர் என்றால் பேச்சே தேவையில்லை. கடனுக்கு ஈடாக வங்கிக் கார்டையோ அடையாள அட்டையையோ பின் நம்பரையோ வாங்கி வைத்துக்கொள்வது தேசியக் கடன் சட்டப்படி குற்றம்.

படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைப் பார்த்துக்கொள்கிறேன். தனி உதவி உண்டா?

பென்ஷன் வாங்குகிற ஒருவருக்கு முழுநேரமும் இன்னொருவர் கவனிப்பு தேவைப்பட்டால், பென்ஷனோடு சேர்த்துக் கவனிப்பு உதவித்தொகை ஒன்று உண்டு. டாக்டரின் சான்றிதழ் வேண்டும். நோயாளியை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்; சாசாவிடம் சொல்லி வீட்டுக்கு வரவழைக்கலாம். கவனிக்கிறவரான உங்களுக்கும் பிரஷர் பார்க்க வேண்டும், அதை மறந்துவிடுகிறீர்கள்.

சாவுச் செலவுக்குக் கட்டும் பாலிசி முக்கியமா, மருந்துச் செலவா?

மூன்று பாலிசி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற கவலை அது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஒன்று போதும். மற்ற இரண்டுக்குக் கட்டும் பணத்தில் மாதம் முழுக்க முட்டையும் பருப்பும் வாங்கலாம். நல்லபடியாகத் தகனம் நடக்க வேண்டும் என்று இருபது ஆண்டு முன்கூட்டியே கட்டிக்கொண்டு, இன்று பசியோடு படுக்காதீர்கள், அம்மா.

எனக்கு 40 வயதுதான். நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

வேலை மாறும்போது சேமநிதியைக் கையில் வாங்காதீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதியச் சேமிப்பை இரண்டு பானையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை சுகரும் பிரஷரும் பாருங்கள். அப்படியே சனிக்கிழமை அம்மாவைக் கிளினிக்குக்கோ எங்கள் கூடத்துக்கோ காரில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு கார்ப் பயணம் அவருக்கு ஒன்பது நாளை மிச்சப்படுத்தும்.

கிளினிக்குக்குப் போகும்போது என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

அடையாள அட்டை, பென்ஷன் அட்டை, கிளினிக் அட்டை. வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையும் ஒரே பையில், நாட்டு மருந்து இருந்தால் அதுவும். கண்ணாடி. தண்ணீர், இரண்டு ரொட்டி, சுகர் தாழ்ந்தால் வாயில் போட ஒரு மிட்டாய். 65 வயதைத் தாண்டியவர்கள் குளிர்காலத்துக்கு முன் போனால் ஃப்ளூ தடுப்பூசி இலவசமாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எளிதில் கழற்றக்கூடிய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் காலுறையைக் கழற்றி இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் நர்ஸிடம் காட்டுங்கள். அவசரத்தில் அவர் கேட்க மறந்தாலும் நீங்களாகக் காட்டுங்கள்.